முதல் அலகு: மனித மாண்பு

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். கன்னியர் மடம் ஒன்று புதிதாகத் தொடங்கிய கல்லூரி. சொந்தக் கட்டடம் கிடையாது. தொழிற்பேட்டையின் ஓரத்தில் திருகாணி செய்துகொண்டிருந்த ஒரு பட்டறை மூடிப்போக, அதை வாடகைக்கு எடுத்து, நடுவே தட்டிகளை வைத்து வகுப்பறைகள் ஆக்கியிருந்தார்கள். வெயில் ஏறினால் சிமெண்டுத் தரையிலிருந்து பழைய எண்ணெய் கசியும். பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்காருவார்கள். ஷிப்ட் சங்கு ஊதும்போது பாடத்தை நிறுத்திவிட்டு, அது ஓய்ந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

மாணவிகளில் பாதிப் பேர் மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளிலிருந்து வந்தார்கள். அப்பா தொழிற்சாலையில், அம்மா வீட்டில். ஒரு பெஞ்சில் தெலுங்கு, அடுத்ததில் கன்னடம், அதற்கடுத்ததில் திருநெல்வேலித் தமிழ். யாரும் யாருக்கும் பழைய ஆட்கள் இல்லை. எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். அங்கே ‘எந்த ஊர்?’ என்று கேட்டவர்கள் பதிலைக் காதில் வாங்குவதற்குள் அடுத்த பஸ் வந்துவிடும்.

நான் ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். பெயர் வேண்டாம். நூறு வருடத்துக்கு மேல் பழமையான மாதா கோயில் உள்ள ஊர். கோயிலைச் சுற்றி இருப்பது கோயில் தெரு. ஓடை தாண்டினால் கீழத்தெரு. இரண்டு தெருவும் கிறிஸ்தவர்கள்தான். நாங்கள் கீழத்தெரு. ஆறாம் வகுப்பிலேயே என்னைக் கன்னியர் போர்டிங்கில் சேர்த்துவிட்டார்கள். அதன் பிறகு ஊர் எனக்கு விடுமுறைக்குப் போகிற இடம்தான். கல்லூரி நேர்முகத்தில் “அப்பா என்ன செய்கிறார்?” என்று கேட்டபோது, “விவசாயம் பார்க்கிறார்” என்றேன். பார்த்தார்தான், மற்றவர்கள் நிலத்தில். கீழத்தெருப் பிள்ளைகளுக்குச் செபமும் ஞான உபதேசமும் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாராகவும் இருந்தார். அதை நான் சொல்லவில்லை.

எங்கள் முதல்வர் மங்களூர்ப் பக்கத்துச் சிஸ்டர். உயரமானவர், வேகமாக நடப்பவர். ஆச்சரியம் வந்தால் தமிழை விட்டுவிட்டு “ஹௌதா?” என்பார். ‘அப்படியா’ என்பதற்குக் கன்னடம். பாடங்களைப் பல்கலைக்கழகம் தீர்மானித்துவிடும். எங்கள் கையில் இருந்தது வாரத்துக்கு ஒரு மணி நேர நன்னெறி வகுப்பு மட்டும்தான். மற்ற கல்லூரிகளில் அந்த நேரத்தில் கிறிஸ்தவப் பெண்களை ஒரு பக்கம் வேதம் படிக்க அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்கு நீதிக்கதை சொல்வார்கள். சிஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து உட்காரும்படி ஒரு பாடத்திட்டம் நாமே எழுத வேண்டும், அது நம் விசுவாசத்திலிருந்து வர வேண்டும், ஆனால் யாரையும் மதம் மாறச் சொல்லக் கூடாது என்றார். பொருளாதார ஆசிரியைக்கு உழைப்பு. வணிகவியலுக்கு நேர்மை. எனக்கு முதல் அலகு, மனித மாண்பு.

“ஏசு சாமி வந்து உன் வகுப்பிலே கடைசி பெஞ்சிலே உக்காந்தா, நீ எதை மாத்திச் சொல்லுவே? அதிலேர்ந்து ஆரம்பி” என்றார் என்னிடம்.

எனக்கு மாற்றிச் சொல்ல எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். கடவுளின் சாயல் எல்லா மனிதரிடமும் உண்டு. ஞானஸ்நானத் தொட்டியின் முன்னால் பெரியவர் சிறியவர் இல்லை. கிறிஸ்தவத்துக்குள் சாதி கிடையாது. அது வெளியிலிருந்து வந்த அழுக்கு, கழுவினால் போய்விடும். போர்டிங்கில் எனக்குச் சொல்லப்பட்டது அது. அங்கே ஒரே தட்டு, ஒரே பாய், ஒரே பேன் சீப்பு. அந்தப் போர்டிங்தான் உண்மை, ஊரில் இருப்பது ஏதோ தவறுதலாக நடப்பது என்று நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. சைக்ளோஸ்டைல் எடுத்துப் பெண்களுக்குக் கொடுத்தோம். சிஸ்டர் படித்துவிட்டு, “நல்லா வந்திருக்கு” என்றார். அன்றைக்கெல்லாம் கையில் இருந்த மையை நான் கழுவவே இல்லை.

பாடத்தை நடத்திப் பார்க்கும் நாளில் சிஸ்டர் வகுப்பின் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் பேசி முடித்ததும் முன்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். புளி மொத்த வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பத்துப் பெண். சிங்காரப்பேட்டை, கல்லாவி என்று சுற்று வட்டாரமெல்லாம் அவள் அப்பா மரத்தைக் குத்தகைக்குப் பேசப் போவார். நன்றாகப் படிப்பாள். கிண்டல் தெரியாதவள்.

“மிஸ், எங்கப்பா ஒன்னு சொல்வாரு. ஏதோ ஒரு ஊர்ல மாதா தேரு பாதித் தெருவோட திரும்பிடுமாம். அந்தாண்ட இருக்கறவங்களும் உங்க ஆளுங்கதானாம். அது ஏன் மிஸ்?”

 கிறிஸ்தவப் பெண்கள் சிலர் மேசையைப் பார்த்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. எந்த ஊர் என்று அவள் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஊர்கள் ஒன்றுக்கு மேல் இருந்தன. ஆனால் என் கண் முன்னால் எங்கள் ஓடை முனை வந்து நின்றது.

“அது ஊர்ப் பழக்கம்மா. மதத்துல அப்படி இல்லை” என்றேன்.

“சரிங்க மிஸ்” என்று உட்கார்ந்துவிட்டாள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் சிஸ்டர் என் தோளைப் பிடித்தார். “பாவம், அந்தக் குழந்தை தப்பா கேட்டிருக்கு. இந்தக் காலத்திலே எங்கே அப்படி? நாமே ஒரு திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனா சந்தேகம் போயிடும். உங்க ஊர்லே அடுத்த மாசம் மாதா திருவிழா தானே? நீதானே லீவு கேட்டிருந்தே?”

தூரம் என்றேன். பஸ் சரியில்லை என்றேன். பெண்களின் வீட்டில் விட மாட்டார்கள் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. வேன் பேசினார். எங்கள் ஊர்க் கோயிலின் பங்குச் சாமியாருக்குத் தகவல் அனுப்பினார். பாடத்திட்டத்தில் ‘களப்பயணம்’ என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டார். நான் ஊருக்குச் சொல்லி அனுப்பினேன்: கல்லூரியிலிருந்து வருகிறோம், கோயிலில் இருந்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவோம், வீட்டுக்கு வர நேரம் இருக்காது. 

கிருஷ்ணகிரி தாண்டியதும் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். நானும் கை தட்டினேன். ஊர் நெருங்கியதும் தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

பங்குச் சாமியார் வீட்டு வராந்தாவில் எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கோயில் தெருப் பெண்கள் காப்பி கொண்டுவந்தார்கள். என்னை அடையாளம் தெரிந்த ஒருத்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, என் கையிலும் ஒரு டம்ளரைக் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அப்பா வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, வேட்டி. துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசற்படிக்குக் கீழே நின்றார். சிஸ்டரைப் பார்த்துக் கும்பிட்டார். “தோத்திரம் சிஸ்டர்.” பிறகு என் பக்கம் திரும்பினார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். கையில் இருந்த காப்பியைப் பார்த்தார்.

“தோத்திரம் டீச்சரம்மா” என்றார்.

என் வாழ்நாளில் அவர் என்னை ‘டீச்சரம்மா’ என்று கூப்பிட்டது அன்றுதான். கேலியில்லை, கோபமில்லை. ஊருக்கு வந்த பெரிய மனுஷியிடம் பேசுகிற அதே குரல். வீட்டுக்கு வர நேரமில்லை என்று நான் சொல்லி அனுப்பியதிலிருந்து எல்லாவற்றையும் அவர் புரிந்துகொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அப்படி அழைத்தார்.

“யாரு இவரு?” என்று சிஸ்டர் கேட்டார்.

“கீழத்தெரு உபதேசியாருங்க சிஸ்டர்” என்றாள் காப்பி கொடுத்த பெண்.

நான் வாயைத் திறப்பதற்குள் கோயில் வாசலில் வெடி போட்டார்கள். தேர் கிளம்பிவிட்டது. எல்லாரும் எழுந்து ஓடினார்கள்.

பொழுது சாய்கிற நேரம். மாதா சொரூபத்துக்கு நீலப் பட்டு, சீரியல் விளக்கு, மல்லிகைச் சரம். பெண்கள் மெழுகுவர்த்தியோடு தேருக்குப் பின்னால் நடந்தார்கள். அந்தப் புளி வியாபாரியின் மகளும் ஒன்றைக் கையில் வாங்கி, காற்றில் அணையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு வந்தாள். அப்பா எங்களுக்கெல்லாம் பின்னால், தெருவின் ஓரமாக வந்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒருமுறையும் என்னைப் பார்க்கவில்லை.

ஓடை முனை வந்தது. தேர் நின்றது. ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு ஆட்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு நின்றார்கள். முன் வரிசையில் என் அம்மா. கட்டைகளைப் போட்டுத் தேரைத் திருப்பினார்கள். மாதாவின் முதுகு அவர்கள் பக்கம் வந்தபோது, அங்கே எல்லாரும் முழங்கால் போட்டார்கள். வருடா வருடம் நானும் அப்படி முழங்கால் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது பக்தியாக இருந்தது. இந்தப் பக்கம் நின்று பார்த்த அன்று என்னால் தாங்க முடியவில்லை.

“மிஸ், அங்க அவ்ளோ பேர் நிக்கறாங்களே. அவங்ககிட்ட போவாதா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

தேருக்குக் கட்டை போட்டுக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து, “அந்தாண்ட ரோடு சரியில்லம்மா” என்றார்.

அவள் ரோட்டைப் பார்த்தாள். “நல்லாத்தானே கீது” என்றாள் மெதுவாக. அவளுக்கு அது யாரையும் குத்துவதற்கான பேச்சில்லை. பார்த்ததைச் சொன்னாள்.

சிஸ்டர் அப்பாவிடம் போனார். “உங்க தெருவுக்குத் தேர் வராதா?”

“வழக்கமில்லீங்க சிஸ்டர். நாளைக்கு எங்க தேரு வரும். சின்னது. மாட்டு வண்டியில சோடிச்சிக்கினு வருவோம்.”

“ஹௌதா?” என்றார் சிஸ்டர். அவருடைய முகம் வெளுத்திருந்தது. என் பக்கம் திரும்பினார். “உனக்கு இது தெரியுமா?”

“தெரியும் சிஸ்டர்.”

“எப்படி?”

“இவர் என் அப்பா. அது எங்க தெரு.”

சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு ஆகவில்லை. பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. அதுதான் எனக்கு எரிந்தது. அதைவிட, அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மட்டும் கேட்கும்படி, “ஏம்மா சொன்ன?” என்றார். தான் தூக்கிப் பிடித்திருந்த எதையோ நான் தட்டிவிட்டேன் என்பது போல இருந்தது அவர் குரல்.

சிஸ்டர் ஓடையைத் தாண்டி நடந்தார். பெண்கள் அவர் பின்னால் போனார்கள். எங்கள் வீட்டு வாசலில் அம்மா எங்களுக்கு முன்பே ஓடிவந்து பாயை விரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு மரப்பெட்டியில் கலர் சோடா பாட்டில்கள் அடுக்கியிருந்தன. வீட்டுக்கு வர மாட்டோம் என்று சொல்லி அனுப்பியும், ஒருவேளை வந்துவிட்டால் என்று வாங்கி வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றாக எடுத்து, மூடியைக் காட்டினாள்.

“சீலு பிரிக்கலம்மா. கடையிலருந்து அப்படியே வந்தது. நாங்க கை வைக்கல. குடிங்க.”

அவள் அதைச் சிரித்த முகத்தோடு சொன்னாள். வருகிற விருந்தாளிகள் எங்கள் டம்ளரில் வாய் வைக்கத் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தை அவர்களுக்கு வைக்கக் கூடாது என்று யோசித்து வாங்கியிருந்தாள். ஓசூரிலிருந்து வந்த பெண்களில் பலருக்கு அவள் என்ன சொல்கிறாள் என்றே புரியவில்லை. ஆனால் இரண்டு மூன்று பேருக்குப் புரிந்தது. அவர்கள் முகத்தில் அது தெரிந்ததை நான் பார்த்தேன். சிஸ்டருக்கும் புரிந்தது.

“எனக்குக் கலர் ஒத்துக்காது. தண்ணி கொடுங்கம்மா” என்றார் சிஸ்டர்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவை. அப்பா தலையசைத்ததும் உள்ளே போய், டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. நெடுநேரம் தேய்த்தாள். சிஸ்டர் பாயில் உட்கார்ந்து காத்திருந்தார்.

திரும்பி வரும்போது வேனில் யாரும் பாடவில்லை. அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நான் வகுப்புல அதக் கேட்டிருக்கக் கூடாதுல்ல மிஸ்?” என்றாள். கேட்டதில் தப்பே இல்லை என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. 

அடுத்த வாரம் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். “இப்போ எழுது” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

முதலில் ஒரே மூச்சில் எழுதியவளுக்கு இப்போது ஒரு பக்கம் நகர மாட்டேன் என்றது. தேர் திரும்புவதை எழுதினேன். முழங்கால் போடுகிறவர்களை எழுதினேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. சாதி வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு என்ற வரியை அடித்தேன். அதை நம் கோயிலுக்குள் நாமே உட்கார வைத்திருக்கிறோம் என்று மாற்றினேன். கேள்விகள் என்று நான்கைந்து சேர்த்தேன். ‘உங்கள் வழிபாட்டு இடத்தில் யார் எங்கே நிற்கிறார்கள்?’ என்பது ஒன்று. அந்தக் கேள்வியைக் கொடுத்த நாளில் வகுப்பு மணி அடித்த பிறகும் ஓயவில்லை. கெலமங்கலம் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் ஊர்க் கோயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்து அழுதாள். திருநெல்வேலிக்காரி ஒருத்தி, எங்கள் சபையிலும் உண்டு மிஸ் என்றாள். நான் கரும்பலகைக்கு முன்னால் சும்மா நின்றேன். பாடம் நடத்துவது என்றால் என்ன என்று அன்றைக்குக் கொஞ்சம் தெரிந்தது. ஆனாலும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவர்கள் பேசியதெல்லாம் என் வீட்டைப் பற்றியே என்று பட்டது.

யார் போய்ச் சொன்னார்களோ, கொஞ்ச நாளில் மறைமாவட்டத்தின் கல்வி விவகாரங்களைப் பார்க்கிற சாமியார் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், சத்தமாகப் பேசாதவர். சிஸ்டரின் அறையில் என்னையும் உட்கார வைத்துப் பேசினார்.

“நீங்க எழுதினது உண்மைதான்மா. ஆனா உண்மை எல்லாத்தையும் பாடமா வைக்க முடியுமா? பிற மதத்துப் பிள்ளைங்க படிக்கிற இடம். நம்ம வீட்டுக் குப்பையை நாமே தெருவுல கொட்டலாமா?”

“தெருவிலே தானே ஃபாதர் நடக்குது?” என்றார் சிஸ்டர்.

சாமியார் என் பக்கம் திரும்பினார். “உங்க நல்லதுக்கும்தான் சொல்றேன். கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு. உங்களைப் பத்தி எல்லாருக்கும் தெரியணுமா?”

நான் தரையைப் பார்த்தேன். சிமெண்டில் எண்ணெய்த் திட்டு ஒன்று கறுப்பாக விரிந்திருந்தது. தெரியட்டும் என்று சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம் என் உடம்பு முழுக்க வேறொன்றைத்தான் விரும்பியது: யாருக்கும் தெரியாத பழைய நாட்கள் திரும்பி வர வேண்டும். அவர் சரியான இடத்தைத் தொட்டிருந்தார். சிஸ்டர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒற்றை ஆளாகக் கொஞ்ச நேரம் வாதாடினார்.

ஜூனில் சிஸ்டரைக் கர்நாடகத்தில் ஒரு ஆஸ்பத்திரி மடத்துக்கு மாற்றினார்கள். அதுவும் இதுவும் சம்பந்தப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. மாற்றல் அவர்கள் வாழ்க்கையில் சாதாரணம். புறப்படும்போது என் கையைப் பிடித்து, “பயப்பட வேண்டா” என்றார். அடுத்த வருடம் நன்னெறிப் பாடம் புத்தகமாக அச்சாகி வந்தது. பளபளப்பான அட்டை. முதல் அலகு, மனித மாண்பு. நான் ஒரே மூச்சில் எழுதியிருந்த முதல் வடிவம். கிறிஸ்தவத்துக்குள் சாதி கிடையாது; அது வெளியிலிருந்து வந்த அழுக்கு. கீழே எழுதியவர் பெயராக என் பெயர்.

அந்தப் புத்தகத்தை வைத்துப் பல வருடம் பாடம் நடத்தினேன். தொண்ணூறுகளில் கல்லூரி சொந்தக் கட்டடத்துக்கு மாறிய பிறகும் அதே புத்தகம்தான். சில வருடம் அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “இப்போ எங்க ஊர்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன்” என்று ஆரம்பிப்பேன். சில வருடம், வகுப்பில் எங்கள் பக்கத்து ஊர்களின் கோயில் தெருப் பெண் யாராவது இருந்தால், சொல்ல மாட்டேன். அச்சில் இருப்பதைப் படித்துவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுவேன். எந்த வருடம் சொல்வேன், எந்த வருடம் விடுவேன் என்பது எனக்கே தெரியாது. சொன்ன வருடத்திலும் கூசிற்று. சொல்லாத வருடத்திலும் கூசிற்று.

ஊரில் பிறகு தேர் விஷயமாகத் தகராறு வந்தது. எங்கள் தெரு இளவட்டங்கள் ஓடை முனையில் மறித்தார்கள். போலீஸ் வந்தது. தேர்பவனியே வேண்டாம் என்று மேலிடத்தில் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு திருவிழா என்றால் கோயிலுக்குள் பூசை மட்டும்தான். இரண்டு தெருவுக்கும் மாதா வெளியே வரவில்லை.

அந்தச் சமயத்தில் அப்பா கண் ஆபரேஷனுக்காக ஓசூர் வந்து என்னோடு இருந்தார். ஒரு கண்ணில் கட்டு. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், “நீ எழுதுன புஸ்தகம்னு சொன்னியே, அத வாசி கேப்போம்” என்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. முதல் அலகை வாசித்தேன். வேகமாக வாசித்தேன், சீக்கிரம் முடியட்டும் என்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஞானஸ்நானத் தொட்டி வந்த இடத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“நல்லாத்தாம்மா எழுதிக்கீற. நானும் நம்ம தெருப் பிள்ளைங்களுக்கு இத்தினி வருசமா இதத்தான் சொல்லிக்கினு வரேன்.”

“அது பொய்யில்லையாப்பா?” என்று கேட்டேன்.

கட்டுப் போடாத கண்ணால் என்னைப் பார்த்தார். கோபம் வந்திருந்தது.

“பொய்யின்னா நான் எத நம்பி அம்பது வருசம் முட்டி போட்டேன்? அவங்க செய்யறது பொய்யி. இது எப்படிப் பொய்யாவும்?” என்றார். பிறகு குரல் இறங்கி, “அந்தப் புஸ்தகத்துல நம்ம தேரப் பத்தி ஒரு வார்த்த வச்சிருக்கலாம் நீ” என்றார்.

வைத்தேன் அப்பா, எடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவர்கள் எடுத்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். மருந்து விட நேரமாகிவிட்டது என்று எழுந்து கண் கட்டை அவிழ்த்தேன். அவர் தலையைப் பின்னால் சாய்த்துக் கொடுத்தார். சொட்டு மருந்து கண்ணுக்குள் விழாமல் கன்னத்தில் வழிந்தது. அவர் அதைத் துண்டால் துடைத்துக்கொண்டு, மறுபடி தலையைச் சாய்த்துக் கொடுத்தார்.